“நீயாக வந்தாயா?” என்று அரசாங்கம் கேட்டபோது

கேள்வி இது: “பிரிட்டிஷ் ஆட்சியில் ஹாங்காங், சிங்கப்பூரில் விபச்சார விடுதிகளை அரசே பதிவு செய்தது. ஒவ்வொரு பெண்ணையும் கூப்பிட்டு, விருப்பத்தோடு வந்தாளா என்று விசாரித்த பிறகுதான் சேர்த்தார்களாம். அப்படியென்றால் ஒளிவுமறைவாக நடப்பதைவிட அங்கே பெண்களுக்குக் கூடுதல் சுதந்திரம் இருந்தது என்று சொல்லலாமா?”

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் சொல்லலாம். பிரிட்டிஷ் மண்ணில் அடிமை முறை கிடையாது, ஆளை விற்பதோ வாங்குவதோ செல்லாது, எந்தப் பெண்ணும் எப்போது வேண்டுமானாலும் விடுதியை விட்டுப் போகலாம். நடைமுறையில், பதிவு முறை செய்த முக்கியமான வேலை, அந்தச் சுதந்திரம் ஏற்கெனவே தனக்கு இருப்பதாகப் பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொண்டதுதான். எழுதிய பிறகு அவள் அங்கே இருப்பது அவளுடைய விருப்பம் ஆகிவிட்டது. சரி, எப்படி என்று பார்ப்போம்.

ஹாங்காங்கில் இருந்து தொடங்குவது நல்லது. ஏனென்றால் அங்கேதான் ‘பாதுகாப்பு’ என்ற பேச்சு முதலில் வந்தது. 1856-இல் லண்டனில் காலனிகளுக்கான அமைச்சராக இருந்த ஹென்றி லபூஷேர், ஹாங்காங் கவர்னர் ஜான் பௌரிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் காலனி ஒன்றில் ஏராளமான பெண்கள் நடைமுறையில் அடிமைகளாக வைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களைக் காப்பது அரசின் கடமை, அதற்கும் சேர்த்து விடுதிகளை ஒழுங்குபடுத்துங்கள் என்பது அதன் சாரம். மறு ஆண்டே, 1857-இல், 12-ஆம் எண் சட்டம் வந்தது. சட்டத்தின் தலைப்பில் அடிமைத்தனம் பற்றி ஒரு சொல் இல்லை. பால்வினை நோய் பரவுவதைத் தடுக்கும் சட்டம் என்றுதான் இருந்தது. கப்பற்படை மாலுமிகளும் சிப்பாய்களும் நோயில் படுத்துக்கொண்டிருந்தார்கள், அரசுக்கு அவசரம் அதில்தான். இங்கிலாந்திலேயே இப்படி ஒரு சட்டம் 1864-இல்தான் வந்தது. காலனி ஏழு ஆண்டுகள் முந்திக்கொண்டது. 1867-இல் அதையே இன்னும் கடுமையாக்கி 10-ஆம் எண் சட்டம் போட்டார்கள்.

விடுதிக்கு உரிமம், ஒதுக்கப்பட்ட தெருக்கள், பதிவேட்டில் பெண்களின் பெயர், மருத்துவப் பரிசோதனை, நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் கட்டாயமாக அடைத்து வைப்பது. இதுதான் ஏற்பாடு. ஆனால் பரிசோதனை எல்லோருக்கும் இல்லை. சீன வாடிக்கையாளர்கள் போகும் விடுதிகளில் பெண்கள் அதை அடியோடு மறுத்தார்கள், அரசும் அதை விட்டுவிட்டது. வெளிநாட்டவர் போகும் விடுதிகளில் மட்டும் அது கட்டாயம் ஆனது. ஒரு பெண்ணின் உடல்மேல் அரசுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை அவளிடம் யார் வருகிறார்கள் என்பதே தீர்மானித்தது. இந்தியாவில் இதைக் கூச்சமே இல்லாமல் விதியாக எழுதி வைத்தார்கள். 1864-ஆம் ஆண்டு கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) சட்டத்தின் விதிகள் பெண்களை இரண்டு வகுப்பாகப் பிரித்தன: ஐரோப்பியர் போகும் பெண்கள், ஐரோப்பியர் போகாத பெண்கள். பதிவும் பரிசோதனையும் முதல் வகுப்புக்குத்தான். சிப்பாய்களைச் சோதிக்கும் வழக்கத்தையோ, அது ஆண்களின் மானத்தைக் குலைக்கிறது என்று சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் 1859-லேயே கைவிட்டிருந்தது. நோய் இரண்டு பேருக்கும் பொதுவானது, சோதனை மட்டும் ஒருத்திக்கு.

இனி அந்த விசாரணைக்கு வருவோம். ஒரு பெண் விடுதியில் சேரும்போது ஹாங்காங்கில் ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் அலுவலகத்தில் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் 1877-க்குப் பிறகு ‘சீனர் பாதுகாவலர்’ என்ற பதவியில் இருந்த அதிகாரியின் முன் நிற்க வேண்டும். அந்தப் பதவிக்கு முதலில் வந்த வில்லியம் பிக்கரிங் சீன மொழி தெரிந்தவர். அந்தக் காலத்து சிங்கப்பூர் அதிகாரிகளில் அதுவே அபூர்வம். கேள்விகள் எளிமையானவை. உன்னை யாராவது வாங்கினார்களா? கடன் இருக்கிறதா? நீயாக வந்தாயா? பதில்களும் கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரி: நானாகத்தான் வந்தேன்.

வேறு என்ன பதில் வரும்? அந்தப் பெண் தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்து கப்பலில் வந்து இறங்கியிருப்பாள். கூட்டி வந்தவர் வழியெல்லாம் பதிலைச் சொல்லிக்கொடுத்திருப்பார், வெள்ளைக்காரரிடம் மாட்டினால் என்ன ஆகும் என்று பயமுறுத்தியும் இருப்பார். விசாரணை முடிந்ததும் அவள் திரும்பிப் போக வேண்டியது கூட்டி வந்தவரோடுதான். இன்னொன்று, இதைத்தான் அதிகாரிகள் கடைசிவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது: விடுதியை நடத்தும் பெண்ணை அவள் ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். பல பேர் சிறுமியாக இருந்தபோதே விலைக்கு வாங்கி வளர்க்கப்பட்டவர்கள். வளர்த்தவளுக்குப் பட்ட கடனைத் தீர்ப்பது மகளின் கடமை என்று நம்பி வளர்ந்தவர்கள். ஊரில் பெற்றவர்கள் வாங்கிய பணத்தையும் அப்படியேதான் பார்த்தார்கள். இப்படி வளர்ந்த ஒரு பெண் “நானாகத்தான் வந்தேன்” என்று சொல்லும்போது அது முழுப் பொய்யும் இல்லை. அலுவலகத்தில் கேட்ட கேள்விக்குள் அவளுடைய நிலைமை அடங்கவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் விடுதிப் பெண்களுக்குள்ளேயே மூன்று நிலைகள் இருந்தன. முதலாவது, விற்கப்பட்டவர்கள். இவர்கள் சம்பாதிப்பது முழுவதும் உரிமையாளருக்கு; சோறு, துணி, வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பு, இவ்வளவே மிச்சம். இரண்டாவது, அடகு வைக்கப்பட்டவர்கள். குடும்பம் வாங்கிய ஒரு தொகைக்கு ஈடாக வந்து, உழைத்து அதைக் கழிக்க வேண்டும். துணி, நகை, மருந்து எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்போது அது எப்போது கழியும் என்பது கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் கையில். மூன்றாவது, ‘தாப் தாங்’ எனப்பட்டவர்கள். தங்க இடமும் சாப்பாடும் பெற்றுக்கொண்டு வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தாங்களே வைத்துக்கொள்பவர்கள். இவர்களால் விடுதி மாற முடிந்தது, பணம் சேர்த்து ஊருக்கு அனுப்ப முடிந்தது. ஆகவே “விடுதிப் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்களா” என்று எல்லோரையும் சேர்த்துக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரே கூரையின் கீழ், ஒரே பதிவேட்டில், பக்கத்துப் பக்கத்து அறைகளில் இந்த மூன்று பேரும் இருந்தார்கள். பதிவேட்டுக்கு மூவரும் ஒன்றே.

இதில் என்னை மிகவும் உறுத்துவது கடன் விஷயம். ஆங்கிலச் சட்டப்படி ஒழுக்கக்கேடான நோக்கத்துக்குச் செய்த ஒப்பந்தம் செல்லாது. ஆள் விற்பனையும் செல்லாது. எந்த விடுதி உரிமையாளரும் “இவள் எனக்கு இவ்வளவு தர வேண்டும்” என்று நீதிமன்றத்துக்குப் போய் வாங்க முடியாது. அதாவது அந்தப் பெண்ணைக் கட்டிவைத்திருந்த கடனுக்குச் சட்டத்தில் ஒரு காசு மதிப்பு கிடையாது. சிங்கப்பூரில் பெண்களுக்குக் கொடுத்த சீட்டில், நீ சுதந்திரமானவள், குறை இருந்தால் பாதுகாவலரிடம் வரலாம் என்று சீன மொழியில் அச்சிட்டே கொடுத்தார்கள். பெரும்பாலான பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டை வைத்திருந்தது பல இடங்களில் உரிமையாளர்தான். படித்துப் புரிந்துகொண்டவளுக்கும் அடுத்த கேள்வி ஒன்று இருந்தது: வெளியே போனால் எங்கே போவது? 1884 வாக்கில் சிங்கப்பூரில் சீன ஆண்கள் ஏறத்தாழ 60,000 பேர், சீனப் பெண்கள் 6,600 பேர்தான். அதில் சுமார் 2,000 பேர் விடுதிகளில் இருந்ததாக மதிப்பீடு. தனியாக ஒரு பெண் வேலை தேடி, அறை எடுத்து வாழ்கிற ஊராக அது இல்லை.

போவதற்கு இருந்த ஓர் இடம் போ லியுங் குக். பெண்களும் குழந்தைகளும் கடத்தப்படுவதைத் தடுக்க 1878-இல் ஹாங்காங் சீன வணிகர்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்து உருவாக்கிய அமைப்பு. சிங்கப்பூரிலும் அதே பெயரில் ஒன்று வந்தது. மீட்கப்பட்ட பெண்களை அங்கே தங்க வைத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், வேலை கற்றுக்கொடுத்தார்கள். நிர்வாகம் முழுக்க வசதியான ஆண்களின் கையில். வெளியேறும் வழிகள் மூன்று: குடும்பத்திடம் திரும்புவது, ஏதாவது வீட்டுக்குத் தத்துப் போவது, கல்யாணம். பெண் கேட்டு வரும் ஆளின் நடத்தையை விசாரித்து, ஜாமீன் வாங்கிக்கொண்டு கட்டிவைத்தார்கள். நல்ல ஏற்பாடுதானே என்று கேட்கலாம். பலருக்கு உண்மையிலேயே உயிர் காத்த ஏற்பாடுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்குக் கைமாற்றித் தருவதைத்தான் அரசும் சமூகமும் விடுதலை என்று புரிந்துகொண்டன. யார் பொறுப்பிலும் இல்லாமல் ஒரு பெண் வெளியே நடந்துபோவது அந்தத் திட்டத்திலேயே இல்லை. அப்படியும், பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஓடிவந்து புகார் சொன்ன பெண்கள் இருந்தார்கள். தப்பிக்க வழி தெரியாமல் அபினை விழுங்கிச் செத்தவர்கள் சிங்கப்பூர் மரண விசாரணைப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

ஹாங்காங்கில் இந்த முறையின் அசல் முகம் வெளிப்பட்டது ஒரு விபத்தால். உரிமம் இல்லாமல் நடக்கும் இடங்களைப் பிடிக்க விடுதி இன்ஸ்பெக்டர்கள் ஒற்றர்களை வைத்திருந்தார்கள். அடையாளமிட்ட பணத்தைக் கொடுத்து ஒற்றனை வாடிக்கையாளனாக உள்ளே அனுப்புவது, பிறகு நுழைந்து அந்தப் பணத்தைச் சாட்சியாக எடுப்பது. அரசுச் செலவில், அரசு ஆட்களே பெண்களோடு படுத்துவிட்டு அவர்களைக் குற்றவாளியாக்கினார்கள். 1877 அக்டோபரில் பீல் தெருவில் இப்படி ஒரு சோதனையின்போது, கூரை வழியாகத் தப்பிக்க முயன்ற இரண்டு பெண்கள் கீழே விழுந்து இறந்தார்கள். அந்த ஆண்டுதான் கவர்னராக வந்திருந்த ஜான் போப் ஹென்னஸி விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். அது 1879-இல் அறிக்கை தந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் நடந்ததில் பெண்கள் அடிமை நிலையில் இருந்து மீண்டதற்கு ஆதாரம் தேடினால், அதில் அகப்படுவது ஒற்றர், அபராதம், மிரட்டல், லஞ்சம் இவைதான்.

அதே 1879-இல் தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல், ஆள் கடத்தல் வழக்குகளில் தண்டனை சொல்லும்போது, ஹாங்காங்கில் நடப்பது அப்பட்டமான அடிமை வியாபாரம் என்று நீதிமன்றத்திலேயே அறிவித்தார். வீடுகளில் வேலைக்கு வாங்கப்பட்ட ‘முய் ட்சாய்’ சிறுமிகளையும் அதில் சேர்த்துக்கொண்டார். சீன வணிகர்கள் கொதித்தார்கள். அது குடும்ப வழக்கம், ஏழைக் குழந்தைகள் பிழைக்கிற வழி என்றார்கள். விசாரணைக் குழுவில் இருந்த ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் ஐடெல், சீனச் சமூகத்தில் இதை மேற்கத்திய அடிமை முறையோடு ஒப்பிடக் கூடாது என்று அறிக்கை எழுதினார். அரசு ஐடெல் பக்கம் சாய்ந்தது. அவர் சொன்னதில் சமூக ஆய்வாக ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது யாருக்கு வசதியாக இருந்தது என்று பாருங்கள்: அரசுக்கு வணிகர்களின் தயவு வேண்டும், வணிகர்களுக்கு வீட்டு வேலைக்காரச் சிறுமிகள் வேண்டும். முய் ட்சாய் பிரச்சினை 1920-கள் வரை இழுத்து, 1923-இல்தான் அதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது.

இந்தியாவையும் தொட்டாக வேண்டும், ஏனென்றால் அங்கே பெண்கள் எதிர்த்த விதம் வேறு. 1868-இன் 14-ஆம் எண் சட்டத்தைக் கல்கத்தாவில் மக்கள் ‘சொத்தோ ஆயின்’, அதாவது ‘பதினாலாம் சட்டம்’ என்றே பேசினார்கள். அது 1869-இல் அங்கே அமலுக்கு வந்ததும் பல பெண்கள் ஆற்றோடு மேலே போய், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த சந்தன்நகரில் தங்கிவிட்டார்கள். அந்த ஊருக்குள் பிரிட்டிஷ் போலீஸ் வர முடியாது. சுகிமணியா ராவுர் என்ற பெண், பரிசோதனைக்கு வரவில்லை என்று சிறையில் போடப்பட்டார். நான் இந்தத் தொழிலே செய்யவில்லை, பிறகு எதற்கு வர வேண்டும் என்று அவர் மேல்முறையீடு செய்தார். கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதிவு என்பது தானாக முன்வந்து செய்வது, போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது என்றது. சட்டத்தின் அடிப்படையையே ஒரு பெண் ஆட்டிப் பார்த்த வழக்கு இது. தீர்ப்புக்குப் பிறகும் கைதுகள் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

நம் பக்கத்துக் கதை இன்னும் விசித்திரமானது. சென்னை மாகாணத்தில் கண்டோன்மென்ட் ஊர்களில் ‘லாக் ஹாஸ்பிடல்’ என்ற பால்வினை நோய் ஆஸ்பத்திரிகள் இருந்தன. பிடித்து அடைத்து வைக்கிற இடம், பெண்கள் பொதுவாக அஞ்சி ஓடுகிற இடம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தாக்கியபோது நிலைமை தலைகீழானது. ஏழைப் பெண்கள் தாங்களாகவே வந்து, நான் விபச்சாரம் செய்கிறவள், எனக்கு நோய் இருக்கிறது, சேர்த்துக்கொள் என்றார்கள். உள்ளே சேர்ந்தால் சாப்பாடு உண்டு. சாப்பாட்டுக்காக ஏமாற்றுகிறார்கள் என்று அதிகாரிகள் புலம்பினார்கள். பதிவேட்டைப் பார்த்தால் இந்தப் பெண்களும் ‘விருப்பத்தோடு’ வந்தவர்கள்தான். ஹாங்காங் அலுவலகத்தில் “நானாகத்தான் வந்தேன்” என்று சொன்னவளையும் இவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விருப்பம் என்ற பத்தியில் எழுதியது எதையும் நிரூபிக்காது என்று தெரியும்.

சட்டங்கள் ஒழிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பெண்ணுரிமைப் போராளி ஜோசஃபின் பட்லர் முதலானோரின் நீண்ட இயக்கத்துக்குப் பிறகு 1886-இல் சட்டம் ரத்தானது. அதே ஆண்டு இந்தியாவில், படைகளுக்குப் போதுமான எண்ணிக்கையில், கவர்ச்சியான பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ராணுவத் தலைமையகத்தில் இருந்து சுற்றறிக்கை போனது. 1888-இல் அது லண்டனில் அம்பலமாகிப் பெரிய அசிங்கமாகிவிட, நாடாளுமன்றம் தீர்மானம் போட, இந்தியச் சட்டமும் அந்த ஆண்டே போனது. ஹாங்காங்கும் சிங்கப்பூரும் லண்டனின் நெருக்கடிக்குப் பணிந்து அதே காலத்தில் கட்டாயப் பரிசோதனையைக் கைவிட்டன. விடுதிகள் அப்படியே இருந்தன, அதிகாரிகள் அவற்றைத் ‘தெரிந்த விடுதிகள்’ என்று கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வியின் மறுபாதிக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது: மூடியிருந்தால் பெண்களுக்கு விடுதலை கிடைத்திருக்குமா? சிங்கப்பூரில் இரண்டு தடவை மூடிப் பார்த்தார்கள். இன்று புகிஸ் ஜங்ஷன் இருக்கிற இடத்தில் மலே தெரு, மலபார் தெரு, ஹைலாம் தெரு என்று ஜப்பானிய விடுதிகள் வரிசையாக இருந்தன. கியூஷு தீவின் அமாகுசா, ஷிமாபாரா பகுதிகளின் ஏழைக் குடும்பங்களில் இருந்து வந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். நாட்டின் கௌரவம் கெடுகிறது என்று 1920-இல் ஜப்பானியத் துணைத் தூதரகமே அவற்றை மூடவைத்தது. கொஞ்சம் பேர் ஊர் திரும்பினார்கள். திரும்பினால் முகம் கொடுக்க முடியாது என்று நினைத்தவர்கள் ஒளிந்து தொழில் செய்தார்கள், வேறு ஊர்களுக்கு நகர்ந்தார்கள். 1930-இல் எல்லா விடுதிகளையும் சிங்கப்பூர் அரசு மூடியது. ஹாங்காங் 1930-களின் நடுவில் முடித்தது. இரண்டு ஊரிலும் மூடுவதற்குத் தேதி குறித்தார்கள், உரிமையாளர்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் தலையில் இருந்த கடன் செல்லாது என்று விடுதி விடுதியாகப் போய்ச் சொல்லும் வேலையைப் பதிவு இருந்த காலத்திலும் மூடிய காலத்திலும் யாரும் செய்ததாகத் தெரியவில்லை. விடுதி போன பிறகும் பழைய ‘அம்மா’வுக்கே பணம் கொடுத்துக்கொண்டு வாடகை அறைகளில் தொழிலைத் தொடர்ந்தவர்களுக்கு, சட்டம் மாறியதில் ஒரே வித்தியாசம்: புகார் சொல்லப் போனால் இப்போது முதலில் மாட்டப்போவது அவர்கள்தான்.